இடது பக்கம்

மார்ச் 4, வேலூர்
அம்மாவுக்கு இடது அட்ரினலில், சிறுநீரகத்தின் தலைமேல் இருக்கும் சுரப்பியில், 6.2 செ.மீ. கட்டி. அட்ரினலின் அளவைக் காட்டும் மெட்டாநெஃப்ரின் சரியாக இருக்கிறதாம், கார்டிசால் என்கிற ஹார்மோன்தான் ஏறிக் கிடக்கிறது. ஒரு வருஷமாக அம்மா முகம் உப்பி வந்ததைப் பார்த்து, உடம்பு தேறிவிட்டது என்று சந்தோஷப்பட்டோமே.

மார்ச் 5
ஊசியால் குத்தி ஒரு துணுக்கு எடுத்துப் பார்க்கக் கூடாதா என்று கேட்டேன். இந்தக் கட்டியில் பொதுவாக அப்படிச் செய்வதில்லை, புற்றாக இருந்தால் ஊசி போன வழியில் செல்கள் சிந்தலாம் என்றார் டாக்டர். அதனால் பெட் சிடி என்கிற ஸ்கேன். ஃபுளோரின்-18 என்கிற கதிர்வீசும் பொருள் சேர்த்த சர்க்கரையை நரம்பில் ஏற்றுவார்கள். புற்றுச்செல் பெரும்பாலும் அதை அள்ளிக்கொள்ளும், படத்தில் அந்த இடம் பளிச்சென்று தெரியும். நுரையீரலுக்கோ எலும்புக்கோ போயிருந்தாலும் இதே படத்தில் தெரிந்துவிடலாம். கல்லீரலோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்களாம், அதைவிடக் கட்டி நன்றாக ஒளிர்ந்தால் சந்தேகம் கூடும். ராத்திரி முழுக்கத் தூக்கமில்லை. கல்லீரலைவிடவா, குறைவா?

மார்ச் 6
இன்று சோறு, இட்லி, பழம் எதுவும் கூடாது. முட்டை மட்டும். "ஏட்டி, ஒரு வாய் ரசஞ்சோறு" என்று மூன்று தடவை கேட்டுவிட்டாள்.

மார்ச் 7
ஸ்கேன் நடக்கவில்லை. காலையில் சர்க்கரை 243. ரத்தத்தில் ஏற்கெனவே இவ்வளவு இருந்தால் ஊசியில் ஏற்றும் சர்க்கரை செல்லுக்குள் சரியாகப் போகாது, படம் மங்கிவிடும். உடனே இன்சுலின் போட்டு எடுக்கவும் முடியாது, ஸ்கேன் சர்க்கரையெல்லாம் தசைக்குப் போய்விடுமாம். அம்மாவுக்குச் சர்க்கரை நோயே கிடையாது. கட்டி கார்டிசாலைக் கொட்டுகிறது, கார்டிசால் சர்க்கரையை ஏற்றுகிறது. தன்னை யாரும் பார்த்துவிடாமல் ஒளிந்துகொள்கிறது அது. குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

மார்ச் 8
இன்சுலின் ஆரம்பித்தார்கள். 198.

மார்ச் 9
171. கல்லீரல்.

மார்ச் 10
146! ஊசி போட்டாயிற்று. ஒரு மணி நேரம் கம்பளி போர்த்திக்கொண்டு, பேசாமல் அசையாமல் படுத்திருந்தாள். பேசினால் தொண்டைத் தசைகூடச் சர்க்கரையை இழுத்துக்கொள்ளுமாம். 110 நிமிடத்துக்கு ஒருமுறை கதிர்வீச்சு பாதியாகும், ஆனாலும் இன்று குழந்தையைத் தூக்க வேண்டாம் என்றார்கள். லாட்ஜ் வாசலில் "ஆச்சி" என்று ஓடி வந்தான். அம்மா இரண்டு கைகளையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு நின்றாள்.

மார்ச் 11
நேற்று கதவு திறந்தபோது திரையைப் பார்த்துவிட்டேன். மூளை, சிறுநீரகம், சிறுநீர்ப்பை எல்லாம் பளிச்சென்றுதான் தெரியும், அது இயல்பு என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சரி. ஆனால் இடது பக்கம் நான் பார்த்தது சிறுநீரகமா, அதன் தலைமேல் உட்கார்ந்திருப்பதா?

மார்ச் 12
ரிப்போர்ட் 4 மணிக்கு. அம்மாவுக்கு ரசஞ்சோறு பிசைந்து கொடுத்தேன், இரண்டே வாய். மூன்றரைக்கே கூப்பிடுகிறார்கள்.