எரிமலையில் ஆளைக் கொல்வது எது?

எரிமலை என்றதும் நம் கண்ணுக்கு முன்னால் வருவது மலைச்சரிவில் வழியும் சிவப்புக் குழம்புதான். ஆனால் அந்தக் குழம்பு பெரும்பாலும் மெதுவாகத்தான் நகரும், வீட்டையும் வயலையும் விழுங்கிவிடும், மனிதர்கள் நடந்தே கூட விலகிவிடலாம் (காங்கோவின் நியிராகோங்கோ மாதிரி குழம்பு தண்ணீராய் ஓடுகிற மலைகளும் உண்டு, அது வேறு கதை).

கொத்துக்கொத்தாக உயிரை எடுப்பவை வேறு. 1902 மே 8 அன்று மார்ட்டினிக் தீவில் மோன் பெலே மலையிலிருந்து கொதிக்கும் வாயுவும் சாம்பலும் கல்லும் ஒன்றாகக் கலந்து கீழே பாய்ந்தபோது, செயின்ட் பியர் நகரமே சில நிமிடங்களில் போய்விட்டது. சுமார் 28,000 பேர். ஓடத் தொடங்குவதற்குக்கூட நேரமில்லை.

என்னால் மறக்கவே முடியாதது கொலம்பியாவின் அர்மேரோ. 1985 நவம்பர் 13 இரவு 9 மணி தாண்டியதும் நெவாடோ டெல் ரூயிஸ் வெடித்தது. அப்படியொன்றும் பெரிய வெடிப்பு இல்லை. ஆனால் உச்சியில் இருந்த பனியில் ஒரு பகுதி உருகி, ஆற்றுப் பள்ளத்தாக்குகளில் இறங்கி, வழியில் கிடந்த மண்ணையும் பாறையையும் அள்ளிக்கொண்டு, கான்கிரீட் கலவை போன்ற சேறாக 70 கிலோமீட்டருக்கு மேல் ஓடி, 11.30 மணி வாக்கில் ஊருக்குள் புகுந்தது. அந்த ஒரு இரவில் இறந்தவர்கள் சுமார் 23,000 பேர், பெரும்பாலோர் அர்மேரோக்காரர்கள். இரண்டு மணி நேரத்துக்கு மேல் அவகாசம் இருந்தது! அதற்கு முந்தைய மாதமே தயாரான அபாய வரைபடத்தில் அந்த ஊர் குறிக்கப்பட்டிருந்தது. 1845-லும் இதே இடத்தில் சேறு வந்து மக்களைக் கொன்றிருக்கிறது, ஊரே அந்தப் பழைய சேற்றின் மேல்தான் கட்டப்பட்டிருந்தது. அன்று மாலை சாம்பல் விழத் தொடங்கிய பிறகும் மக்களை அமைதியாக வீட்டிலேயே இருக்கச் சொன்னார்கள். இதைப் படித்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை.

அர்மேரோவுக்குப் பிறகு, எந்த நாட்டில் எரிமலை விழித்தாலும் கருவிகளோடு போய் உதவ அமெரிக்காவில் ஒரு நிபுணர் குழு அமைத்தார்கள். 1991-ல் பிலிப்பைன்ஸின் பினடூபோ குமுறத் தொடங்கியபோது அவர்கள் அந்நாட்டு விஞ்ஞானிகளோடு சேர்ந்து கண்காணித்தார்கள், ஜூன் 15 பெருவெடிப்புக்கு முன்பே பல்லாயிரக்கணக்கானோர் வெளியேற்றப்பட்டார்கள். அப்படியும் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். அன்றைக்கே ஒரு புயலும் வந்து சேர்ந்தது. எரிமலைச் சாம்பல் விறகுச் சாம்பல் போல லேசானது இல்லை, பொடிந்த பாறையும் கண்ணாடித் துகளும் அது, மழையில் நனைந்ததும் பாரம் தாங்காமல் கூரைகள் உள்ளே இருந்தவர்கள் மேலேயே இடிந்து விழுந்தன.