எண் பொறித்த கடிகாரம்

சுங்கை சிப்புட் கடைத்தெருவில் இன்று மாலை, செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்க்கும் ஓர் இளைஞர் இரண்டு சீக்கோ 5 ஸ்போர்ட்ஸ் கடிகாரங்களை மாறிமாறிக் கையில் கட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஒன்று வழக்கமான மாதிரி. மற்றொன்று வரையறுக்கப்பட்ட பதிப்பு, அதாவது குறிப்பிட்ட எண்ணிக்கையில் மட்டும் செய்யப்பட்டது. அதன் பின்மூடியில் வரிசை எண் பொறிக்கப்பட்டிருந்தது.

"அண்ணே, எது நல்லா ஓடும்?" என்று என்னைக் கேட்டார்.

இரண்டும் ஒன்றுபோலவே ஓடும். இரண்டினுள்ளும் இருப்பது அதே 4ஆர்36 இயந்திரம்: உள்ளே தேய்மானத்தைக் குறைக்கும் 24 கற்கள், முழுதாகச் சாவி ஏறினால் ஏறத்தாழ 41 மணி நேர ஓட்டம்.

கூடுதலாகக் கொடுக்கும் ரிங்கிட், முகப்பின் நிறத்துக்கும் அந்த எண்ணுக்கும் பெட்டிக்குமே போகிறது.

இத்தகைய பதிப்புகள் பின்னர் விலை ஏறும் என்று சிலர் சொல்வதுண்டு. சுவிஸ் நிறுவனமான ஒமேகா 2015இல் வெளியிட்ட சில்வர் ஸ்னூப்பி ஸ்பீட்மாஸ்டர் கடிகாரம், 1,970 மட்டுமே செய்யப்பட்டதாலும் அதன் பின்னுள்ள அப்போலோ 13 விண்வெளிப் பயண வரலாற்றாலும், இன்று வெளியீட்டு விலையைவிடப் பன்மடங்குக்கு விற்கிறது என்பது உண்மையே. ஆயிரக்கணக்கில் வரும் எல்லாப் பதிப்புக்கும் அந்த யோகம் வாய்ப்பதில்லை.

அந்த நிறத்தின்மேல் மனம் உண்மையாகவே போயிருந்தால் வாங்கலாம், அதில் தவறே இல்லை. பின்னர் விற்று இலாபம் பார்க்கலாம் என்று நம்பி, வியர்வை சிந்திய சம்பளத்தை அதில் போடுவது மட்டும் எனக்கு ஒப்பவில்லை. வழக்கமான மாதிரியை எடுத்து, மிச்சத்தைச் சில ஆண்டுகளில் வரும் சர்வீஸ் செலவுக்கு ஒதுக்குவதையே நான் பரிந்துரைப்பேன்.