கிலுகிலுக்கும் போத்தல்

எச்.ஐ.வி. தொற்றாமலிருக்க முன்கூட்டியே விழுங்கும் பிரெப் குளிசையின் போத்தலுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு, தொட்டால் கிலுகிலுக்கும். மாங்குளத்தில் எங்கள் வீட்டு அறைச்சுவர்கள் கூரைவரை எழும்பவில்லை. முதல் இரவே அம்மா அந்தப் பக்கத்திலிருந்து, "என்ன தம்பி, குளிசையா?" என்று கேட்டார். வயிற்றெரிவுக்கு என்றேன். மறுநாள் போத்தலுக்குள் பஞ்சு அடைத்தேன்.

எனக்கு 32 வயது. தண்ணீர் இறைக்கும் இயந்திரங்கள் திருத்துகிறேன். ஆண்களை விரும்புகிறவன். பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போவதில்லை. அங்கே மருந்து கொடுக்கும் இடத்தில் மாமியின் மகள் நிற்கிறாள். 2009இல் போரால் இடம்பெயர்ந்து மெனிக் பாம் முகாமில் ஒரே வரிசையில் வாளியோடு நின்ற சனம் நாங்கள். 'என்ன வருத்தம்?' என்பதற்கு முன் 'யாருடைய மகன்?' என்றுதான் கேட்பார்கள். அதனால் பஸ் ஏறி வெளிமாவட்டம் போகிறேன். எச்.ஐ.வி., ஹெப்படைட்டிஸ் பி, சிறுநீரகம் என்று குருதியில் எல்லாம் பார்த்த பிறகே குளிசை தந்தார்கள், காசில்லாமல். தொற்று வந்தது தெரியாமல் இதையே விழுங்கினால் கிருமி மருந்துக்குப் பழகிவிடுமாம். ஆகவே மூன்று மாதத்துக்கு ஒரு தவணை.

போன மாசியில், ஒரு ஞாயிறு மத்தியானம், நண்பன் அழைத்தான். திருமணமானவன், ஒரு பிள்ளை. முதல்நாள் இரவு ஓர் ஆணோடு இருந்தபோது ஆணுறை கிழிந்துவிட்டது. ஆணுறை அவனுக்குத் தெரியும். அதற்குப் பிறகும் விழுங்கக் குளிசை என்று ஒன்று இருப்பது தெரியாது. எப்படித் தெரியும்? போருக்குப் பிறகு நாங்கள் போன பயிற்சிப் பட்டறைகளில் பாணும் வாழைப்பழமும் தந்தார்கள். ஆணும் ஆணும் என்ற பேச்சு ஒன்றிலும் எழவில்லை.

விரலை மடக்கி எண்ணினோம். சனி இரவு பதினொரு மணியென்றால் செவ்வாய் இரவு பதினொன்றுடன் 72 மணித்தியாலம். எச்.ஐ.வி. தொற்றியிருக்கலாம் என்ற பயம் வந்த பிறகு, அதற்குள் தொடங்கி 28 நாள் விழுங்க வேண்டிய தடுப்பு மருந்துதான் பெப். எவ்வளவு முந்துகிறோமோ அவ்வளவு நல்லது.

"பொலிஸுக்குச் சொல்லிவிடுவார்களா, மச்சான்?" என்றான்.

தண்டனைச் சட்டக்கோவையில், 'இயற்கைக்கு மாறான' உறவு குற்றம் என்று 1883இல் வெள்ளைக்காரன் எழுதிய 365ஆம் பிரிவு இன்னும் கிடக்கிறது. "வைத்தியரின் வேலை அதுவல்ல" என்று சொன்னேன், சொல்லும்போது என் தொண்டையும் காய்ந்துதான் இருந்தது.

திங்கள் காலை போனான். மருந்து கிடைத்தது. அதை மோட்டார் சைக்கிள் இருக்கைக்கு அடியில் ஒளித்து வைத்திருந்தான், அந்த வெயிலில்! ஏசிவிட்டு என் கடை லாச்சிக்கு மாற்றினேன். பரிசோதனை முடியும்வரை மனைவியோடும் ஆணுறை வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். வீட்டில் என்ன சொல்லிச் சமாளித்தானோ, நான் கேட்கவில்லை.

முடிவு நல்லபடி வந்தது. இப்போது பிரெப் கேட்கிறான். எப்போதாவது சந்திக்கும் ஆண்களுக்கு நாள்தோறும் விழுங்காத முறையும் இருக்கிறது: உறவுக்கு 2 முதல் 24 மணித்தியாலத்துக்கு முன் இரண்டு குளிசை, அதிலிருந்து 24 மணித்தியாலத்தில் ஒன்று, 48இல் இன்னொன்று. ஹெப்படைட்டிஸ் பி இருந்தால் இது சரிவராது. சிபிலிஸ், கொனோரியா போன்ற மற்றப் பாலியல் நோய்களை எந்த பிரெப்பும் தடுக்காது. ஆணுறையைக் கைவிட முடியாது.

அடுத்த தவணைக்கு இருவரும் ஒரே பஸ்ஸில் போகிறோம். அவன் சாரதிக்குப் பின்னால், நான் கடைசி இருக்கையில்.