அறிக்கையில் சேராத வளைவு

அந்த வளைவை அறிக்கையில் சேர்க்க வேண்டாம் என்று சொன்னவன் நான்தான். காரணங்கள் இருந்தன. இன்று கேட்டாலும் அதே காரணங்களைத்தான் சொல்வேன். ஆனாலும் அன்று மாலை நடந்த பேச்சு மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

குவாண்டம் கணினியின் அடிப்படை அலகான க்யூபிட்டுகள் பலவற்றைச் சேர்த்துப் பிழை திருத்தும் முறை ஒன்றுக்குச் சர்ஃபேஸ் கோடு என்று பெயர். அதைச் சிமுலேஷன் செய்கிறவர்களுக்கு இந்த வேலை எப்படி ஓடும் என்று தெரியும். சர்க்யூட்டை எழுதுவோம். ஒவ்வொரு கேட்டுக்குப் பின்னாலும் ஒரு நிகழ்தகவு வைத்து க்யூபிட்டை ஒரேயடியாகப் புரட்டிவிடும் எக்ஸ், ஒய், இஸட் என்ற பவுலி பிழைகளைத் தூவுவோம். ஸ்டிம் என்ற சிமுலேட்டரில் லட்சக்கணக்கில் ஷாட், அதாவது ஓட்டம், எடுத்து, பிழை எங்கே என்று ஊகிக்கும் டீகோடரிடம் கொடுப்போம். சர்ஃபேஸ் கோடின் அளவைச் சொல்லும் டிஸ்டன்ஸ் 3, 5, 7, 9 என்று ஏற ஏற, திருத்திய பிறகும் மிஞ்சும் லாஜிக்கல் பிழையின் விகிதம் லாக் அளவில் நேர்கோடாக இறங்கும். அந்தக் கோட்டை நீட்டித்தான் இத்தனை க்யூபிட் இருந்தால் இவ்வளவு நல்ல லாஜிக்கல் க்யூபிட் கிடைக்கும் என்று கணக்குச் சொல்கிறோம். பணம் ஒதுக்குகிறவர்கள் அறிக்கையைத் திறந்ததும் தேடுவது அந்தக் கோட்டைத்தான்.

எங்கள் குழுவுக்குப் புதிதாக வந்த பெண், யாரும் கேட்காமலேயே, டிஸ்டன்ஸ் 3-க்கு, குவாண்டம் நிலையை முழுதாகக் கணக்கில் வைக்கும் ஸ்டேட் வெக்டர் சிமுலேஷன் செய்து எடுத்து வந்திருந்தாள். பவுலி பிழைகளைத் தூவாமல், ஒவ்வொரு கேட்டிலும் ஒரு சின்னக் கூடுதல் சுழற்சி, எப்போதும் ஒரே திசையில். சராசரி ஃபிடிலிட்டி, அதாவது கேட்டின் துல்லியம், இரண்டு மாடலிலும் ஒன்றே வருமாறு கவனமாகப் பொருத்தியிருந்தாள். திரையில் நீல வளைவு பவுலிக்கு, ஆரஞ்சு அவளுடையதற்கு. கோணம் சிறிதாக இருக்கும்வரை இரண்டும் ஒட்டிக்கொண்டே போயின. ஓரிடத்தில் ஆரஞ்சு மேலே விலகியது. எரர் பார் தொட்டுக்கொள்ளாத அளவுக்கு விலகியது.

“இதையும் பக்கத்துல போடலாமா சார்?”

“இல்லம்மா, இப்போ வேண்டாம். மூணுல தெரியுது, சரி. ஏழுல என்ன ஆகும்னு உனக்கும் தெரியாது, எனக்கும் தெரியாது.”

“அப்போ நீலம் ஏழுல சரியா இருக்கும்னு மட்டும் எப்படித் தெரியும்?”

“அனுமானத்தைத் தெளிவா எழுதியிருக்கோமே.”

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம் கேட்டாள்: “நாம சிமுலேட் பண்றது சிப்பையா சார், இல்ல ஸ்டிம்மால முடியறதையா?” குத்திக்காட்டும் தொனி கொஞ்சமும் இல்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். “ரெண்டும்தான்” என்றேன்.

அந்த ஒரு சொல்லைத்தான் திரும்பத் திரும்பப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.

என் பக்கத்து நியாயம் எண்களில் இருக்கிறது. டிஸ்டன்ஸ் 3 சர்ஃபேஸ் கோடுக்கு 17 க்யூபிட். ஸ்டேட் வெக்டர் 1,31,072 சிக்கலெண்கள், 2 மெகாபைட். லேப்டாப்பே போதும். டிஸ்டன்ஸ் 5 என்றால் 49 க்யூபிட், 8 பெட்டாபைட். டிஸ்டன்ஸ் 7-க்கு 97 க்யூபிட், அதை வைக்க உலகத்தில் நினைவகம் கிடையாது. மறுபக்கம், பவுலி பிழை மட்டும் என்று வைத்துக்கொண்டால் கதையே வேறு. பிழை திருத்தும் சர்க்யூட்டுகள் கிளிஃபர்ட் என்ற குறிப்பிட்ட வகைக் கேட்டுகளால் ஆனவை. அவற்றைச் சாதாரணக் கணினியில் எளிதாக நடத்திக்காட்டலாம் என்பது 1998-லிருந்து தெரிந்த காட்ஸ்மன்–நில் தேற்றம். 2021-ல் கிரெய்க் கிட்னி வெளியிட்ட ஸ்டிம், டிஸ்டன்ஸ் 100 சர்ஃபேஸ் கோடை, அதாவது இருபதாயிரம் க்யூபிட்டும் எண்பது லட்சம் கேட்டும் கொண்ட சர்க்யூட்டை, 15 வினாடியில் அலசிவிட்டு, விநாடிக்கு ஆயிரம் ஷாட் என்ற வேகத்தில் கொடுக்கத் தொடங்கிவிடுகிறது. இப்படி ஒரு கருவி கையில் இருக்கும்போது அதை விட்டுவிட்டு எங்கே போவது?

ஆனால் இதை எழுதும்போதே அவள் கேள்விக்கு இது பதில் இல்லை என்று தெரிகிறது. எது எளிது என்று சொல்லியிருக்கிறேனே தவிர, எது உண்மை என்று சொல்லவில்லை. சர்க்யூட் கிளிஃபர்டாக இருப்பது நம் வடிவமைப்பு. நாய்ஸ் கிளிஃபர்டாக இருக்க வேண்டும் என்று சிப்புக்கு எந்தக் கட்டாயமும் இல்லை. சிப்பில் இருக்கும் டிரான்ஸ்மான் வகை க்யூபிட் இரண்டு நிலையைத் தாண்டி மூன்றாவதற்கும் ஏறிவிடும். எக்ஸ், ஒய், இஸட் மூன்றில் எதுவும் அதைச் சொல்லாது.

இயற்பியல் பக்கத்திலும் எனக்குத் துணை உண்டு. 1995-ல் ஷோர் ஒன்பது க்யூபிட் கோடைக் கொடுத்தபோதே, பிழை திருத்தம் சாத்தியமானது ஒரு முக்கியமான விஷயத்தால்தான்: பிழையின் தடயமான சிண்ட்ரோமை அளந்ததும் சின்னச் சுழற்சி, ‘பிழையே இல்லை’ அல்லது ‘முழுப் பிழை’ என்று ஏதோ ஒன்றில் விழுந்துவிடும். தொடர்ச்சியான பிழை எண்ணக்கூடிய பிழையாகிவிடுகிறது. 2018-ல் செர்கேய் பிராவியும் உடன் எழுதியவர்களும் ஆயிரத்துக்கு மேற்பட்ட க்யூபிட்டுகளில் இதே மாதிரிச் சுழற்சிப் பிழைகளைச் சிமுலேட் செய்து, டிஸ்டன்ஸ் பெரிதாகும்போது லாஜிக்கல் நாய்ஸ் பவுலி நாய்ஸ் போலவே ஆகிவிடுகிறது என்று காட்டினார்கள். அன்றைக்கே இதை அவளிடம் சொல்லியிருக்கலாம். சொன்னால் என்ன கேட்டிருப்பாள் என்பதும் எனக்குத் தெரியும். அவர்கள் எடுத்துக்கொண்டவை எளிமையாக்கிய மாடல்கள். தவிர, லாஜிக்கல் நாய்ஸின் வடிவம் பவுலி போல ஆவது ஒன்று, அதன் அளவு நம் பவுலி மாடல் கணித்த அளவாகவே இருப்பது வேறொன்று.

அளவில்தான் அவளுடைய ஆரஞ்சு நின்றது. இரண்டு சிண்ட்ரோம் அளவீடுகளுக்கு நடுவில் ஒரே திசைச் சுழற்சிகள் வீச்சாகக் கூடுகின்றன. இஷ்டத்துக்குப் பத்து அடி வைத்தவனும் ஒரே திசையில் பத்து அடி வைத்தவனும் போய்ச் சேரும் தூரம் ஒன்றா? ஒரே க்யூபிட்டில் பத்துக் கேட் என்றால், பவுலி மாடலில் பிழை நிகழ்தகவு ஏறக்குறைய பத்து மடங்கு ஆகும். ஒரே திசைச் சுழற்சியில் நூறு மடங்கு வரை போகும்.

இதற்கு மருந்து இருக்கிறது. ரேண்டமைஸ்டு கம்பைலிங் செய்தால், அதாவது ஒவ்வொரு ஓட்டத்திலும் தற்செயலான பவுலி கேட்டுகளை நுழைத்து, விடை மாறாதபடி அவற்றின் விளைவைப் பின்னால் நீக்கிவிட்டால், சுழற்சிப் பிழை சராசரியில் பவுலி பிழையாகிவிடும். எங்கள் சோதனைக் குழு அதைச் செய்யப்போவதாகச் சொல்லியிருந்தது. அதை நம்பித்தான் ‘நாய்ஸ் பவுலி வகை என்று கொள்ளப்படுகிறது’ என்று அறிக்கையில் ஒரு வரி எழுதினேன். உண்மையான வரி. வேறு வகையில் செய்ய முடியாததால் எழுதிய வரி என்பது படிக்கிறவருக்குத் தெரியாது.

2024-ல் கூகுளின் வில்லோ சிப் முடிவுகள் வந்தபோது முதலில் தோன்றியது நிம்மதிதான். துணை க்யூபிட்டுகளையும் சேர்த்து 101 க்யூபிட்டுகளில் டிஸ்டன்ஸ் 7. 3-லிருந்து 5, 5-லிருந்து 7 என்று ஒவ்வொரு படியிலும் லாஜிக்கல் பிழை 2.14 மடங்கு குறைந்தது. சுற்று ஒன்றுக்கு 0.143 சதவீதம். நேர்கோடு நேராகவே இறங்கியது. அதே கட்டுரையில், ஒரு வகைப் பிழையை மட்டும் திருத்தும் எளிய ரெப்பெட்டிஷன் கோடை டிஸ்டன்ஸ் 29 வரை கொண்டுபோயிருந்தார்கள். அங்கே ஆயிரம் கோடியில் ஒன்று என்ற அளவுக்குப் பக்கத்தில் கோடு இறங்க மறுத்துவிட்டது. ஏறக்குறைய ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை, பல க்யூபிட்டுகளை ஒன்றாகப் பாதிக்கும் ஏதோ ஒன்று நடக்கிறது. கேட்டுக்குக் கேட் தனித்தனியாகப் பிழை தூவுகிற எந்தச் சிமுலேஷனும் அதைச் சொல்லியிருக்காது. என் நீலமும் சொல்லியிருக்காது, அவள் ஆரஞ்சும் சொல்லியிருக்காது. எந்த வளைவைப் போட்டிருந்தாலும் குறைதான் என்று இதை வைத்து வாதாடலாம். வாதாடியும் பார்த்தேன், எனக்குள்ளேயே. ஆனால் இரண்டு வளைவு இருந்திருந்தால், கோட்டை எங்கே நீட்டுகிறோம் என்று படிக்கிறவர் ஒரு நொடி நின்றிருப்பார் என்ற நினைப்பும் கூடவே வருகிறது. அந்த நிறுத்தம் அப்போது எங்கள் திட்டத்துக்கு நல்லதாக இருந்திருக்காது என்பதும் என் காரணங்களில் ஒன்றோ? இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

அவள் இப்போது வேறு குழுவில் டென்சர் நெட்வொர்க் என்ற இன்னொரு சிமுலேஷன் முறையின் பக்கம் வேலை செய்கிறாள். நான் புதிதாக வருகிறவர்களிடம் டிஸ்டன்ஸ் 3-க்கு முழுச் சிமுலேஷனையும் சேர்த்து ஓட்டச் சொல்கிறேன். அறிக்கைக்குள் போவது என்னவோ இன்றும் பவுலி வளைவு மட்டும்தான். அடுத்த முறை இரண்டையும் ஒரே படத்தில் போடலாமா என்று சோதனைக் குழுவிடம் கேட்டிருக்கிறேன். ரேண்டமைஸ்டு கம்பைலிங் ஓட்டிய தரவு வரட்டும், அப்புறம் பார்க்கலாம் என்கிறார்கள். நியாயமாகத்தான் படுகிறது. அந்தத் தரவு நல்லபடியாக வந்துவிட்டால் ஆரஞ்சு வளைவைப் போட வேண்டிய தேவையே இருக்காது என்று அவர்களே சொல்வார்கள். நானும் அநேகமாக ஒத்துக்கொள்வேன்.