பழைய கொலைக் குற்றத் தண்டனையை எதிர்த்து 1172.6 மனு: கலிபோர்னியாவில் என்ன நடக்கும்?

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். கலிபோர்னியா தண்டனைச் சட்டத்தின் 1172.6 பிரிவின்கீழ் போடும் இந்த மனு மேல்முறையீடு அல்ல. தண்டனை விதித்த அதே சுப்பீரியர் கோர்ட்டில் போடுகிற மனு.

கொள்ளையடிக்கப் போன இடத்தில் கூட வந்தவன் சுட்டுவிட்டால், வெளியே காரில் காத்திருந்தவனுக்கும் கொலைத் தண்டனைதான் என்ற நிலை கலிபோர்னியாவில் வெகுகாலம் இருந்தது. செனட் மசோதா 1437 அதை 2019 ஜனவரி 1 முதல் மாற்றியது. இப்போது குற்றம் சாட்டப்பட்டவர் தானே கொன்றார், கொல்லும் நோக்கத்தோடு உதவினார், அல்லது கொள்ளையில் பெரும் பங்கு வகித்ததோடு மனித உயிரைத் துச்சமாக மதித்தார் என்று காட்ட வேண்டும். இறந்தவர் கடமையில் இருந்த போலீஸ்காரர் என்று தெரிந்திருந்தால் இந்தச் சலுகை பெரும்பாலும் கிடைக்காது. 2022 முதல் கொலை முயற்சி, கொலை என்ற அளவுக்கு வராத மரணம் விளைவித்தல் (manslaughter) ஆகியவற்றுக்கும் மனு போடலாம். 1172.6 பிரிவின் பழைய எண் 1170.95.

மனு சிறியது. கூட்டாளி செய்த கொலைக்கும் பொறுப்பாக்கும் பழைய கோட்பாட்டின்படி குற்றம் சாட்ட இடமிருந்தது, விசாரணையிலோ ஒப்புதலிலோ தண்டனை வந்தது, இன்றைய சட்டப்படி அந்தத் தண்டனை வந்திருக்காது என்ற மூன்றையும் உறுதிமொழியாகக் கொடுக்க வேண்டும். வழக்கு எண், தண்டனை ஆண்டு, வழக்கறிஞர் வேண்டுமா என்பதும் வேண்டும். பிரதி மாவட்ட அரசு வழக்கறிஞருக்கும், பழைய வழக்கறிஞருக்கோ பொதுப் பாதுகாப்பு வழக்கறிஞருக்கோ (வசதியில்லாதவருக்காக வாதாடும் அரசு வழக்கறிஞர்) போக வேண்டும். சம்பவத்தை விவரித்து எழுதவே வேண்டாம்; எழுதியது பின்னால் எதிராக நிற்கும்.

உண்மையான வேலை பழைய கோப்பைத் தேடுவதுதான். ஜூரிக்கு நீதிபதி வாசித்த அறிவுறுத்தல்கள் எழுத்தர் தொகுத்த ஆவணத்தொகுப்பில் இருக்கும், சாட்சியம் தனித்தொகுப்பு. அறிவுறுத்தல்களை முதலில் எடுங்கள். கால்ஜிக் (CALJIC), கால்கிரிம் (CALCRIM) என்பவை ஜூரிக்கான மாதிரி அறிவுறுத்தல் தொகுப்புகள். பழைய வழக்கென்றால் கால்ஜிக் 3.02, 8.21, புதியதென்றால் கால்கிரிம் 402, 403, 540 வரிசை என்று பழைய கோட்பாட்டைச் சொல்லும் எண்கள் இருக்கிறதா என்று பாருங்கள். இவை எதுவும் இல்லாமல், நேரடியாகக் கொன்றவர் அல்லது கொல்லும் நோக்கத்தோடு உதவியவர் என்று மட்டுமே ஜூரிக்குச் சொல்லப்பட்டிருந்தால், மனுவை விசாரிக்க அடிப்படை இருக்கிறதா என்று நீதிபதி பார்க்கும் முகாந்திரக் கட்டத்திலேயே மனு விழும். நிறைய மனுக்கள் சறுக்குவது இங்கேதான்.

அரசுத் தரப்பு 60 நாளில் பதில் தர வேண்டும். அதற்கு மறுமொழி 30 நாளில். முகாந்திரம் பார்க்கையில் நீதிபதி சாட்சியத்தை எடைபோடக் கூடாது என்று 2021இல் லூயிஸ் வழக்கு தெளிவாக்கியது. 'சிறப்புச் சூழல்' தீர்ப்பு (கொள்ளை போன்ற குற்றத்தின்போது நடந்த கொலை என்று ஜூரி தனியாக உறுதிசெய்வது) இருக்கிறதென்று முன்பு தள்ளப்பட்டவர்களுக்கும் வழியுண்டு: அந்தத் தீர்ப்பு 'பெரும் பங்கு', 'உயிரைத் துச்சமாக மதித்தல்' என்பவற்றின் பொருளைத் தெளிவாக்கிய 2015, 2016இன் பேங்க்ஸ், கிளார்க் வழக்குகளுக்கு முந்தையது என்றால், அது மட்டுமே மனுவைத் தடுக்காது என்கிறது 2022இன் ஸ்ட்ராங் தீர்ப்பு.

முகாந்திரம் இருந்தால் விசாரணை. ஜூரி கிடையாது, இன்றைய சட்டப்படி குற்றவாளி என்று சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்கும் சுமை அரசுத் தரப்பினுடையது. ஆயுதம் இருந்தது தெரியுமா, சுட்டபோது அங்கே இருந்தாரா, தடுக்க வாய்ப்பிருந்ததா என்பவை முக்கியக் கேள்விகள். ஆரம்ப விசாரணையில் போலீஸ்காரர் பிறர் சொன்னதாகச் சொன்னது பெரும்பாலும் செல்லாது. குற்றத்தை ஒப்புக்கொண்ட வழக்குகளில் இது பெரிய பலம். ஆனால் பரோல் விசாரணையில் கைதி மனம்திறந்து சொன்னதை அரசுத் தரப்பு எடுத்துவைக்கலாம். குடும்பங்கள் இதை எதிர்பார்ப்பதே இல்லை. பரோல் பதிவை வழக்கறிஞரிடம் முன்கூட்டியே கொடுத்துவிடுங்கள்.

வென்றால் கொலைத் தண்டனை நீங்கும். மீதக் குற்றங்களுக்குப் புதிய தண்டனை, சிறையிலிருந்த காலம் கழிக்கப்படும். நீதிமன்றம் இரண்டு ஆண்டு வரை பரோல் மேற்பார்வை விதிக்கலாம்.

மறுத்தால் 60 நாளுக்குள் மேல்முறையீட்டு அறிவிப்பைத் தாக்கல் செய்ய வேண்டும். அங்கே நியமிக்கப்படும் வழக்கறிஞர் வாதிட எதுவுமில்லை என்று எழுதிவிட்டால், கைதிக்கு 30 நாள் அவகாசத்தோடு கடிதம் வரும். அதற்குக் கைதியே கைப்பட எழுதியாவது அனுப்ப வேண்டும். இல்லாவிட்டால் கைவிட்டதாகக் கருதி நீதிமன்றம் தள்ளிவிடலாம்.