விடுதியில் வாய் திறக்கப் பழகுதல்

விடுமுறையில் யாழ்ப்பாணம் வந்திருக்கும் இந்த நாட்களில், போதனா வைத்தியசாலையில் என்னோடு வேலை செய்த தங்கைமாரும் அண்மையில் பயிற்சியை முடித்த பிள்ளைகளும் கேட்கும் கேள்விகள் பெரும்பாலும் பரீட்சை, வீசா, ஏஜென்சி, சம்பளம் என்பவற்றுக்குள் அடங்கிவிடுகின்றன. “போன பிறகு எப்பிடி அக்கா சமாளிச்சனீங்கள்?” என்று கேட்பவர்கள் குறைவு. ஒருவரை வெளிநாட்டுக்கு அனுப்பிவைக்கும் அறிவு நம் ஊரில் வீட்டுக்கு வீடு உண்டு. மிளகாய்த்தூளை எந்தப் பைக்குள் வைப்பது, ஒடியல் மாவை எப்படிச் சுற்றுவது என்பது வரை சொல்லித்தர ஆள் இருக்கும். போய்ச் சேர்ந்த இடத்தில் ஒரு தாதியாக நிலைகொள்வது எப்படி என்பதை எனக்கும் யாரும் சொல்லவில்லை. ஆகவே இங்கிலாந்தின் வடபகுதி மருத்துவமனை ஒன்றில் நான் அதை எவ்வாறு பழகினேன் என்பதை இங்கே எழுதுகிறேன்.

பரீட்சைகளைப் பற்றிய தகவல் எல்லோரிடமும் இருப்பதால் அதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். ஓ.ஈ.ரி. ஆங்கிலப் பரீட்சையில் கேட்டல், வாசித்தல், பேசுதல் மூன்றுக்கும் பி தரமும், எழுத்துக்கு சி பிளஸ் தரமும் வேண்டும். அதன் பின் கணினிவழிப் பரீட்சை. அங்கு போய் இறங்கிய பின் 10 நிலையங்களைக் கொண்ட ஒஸ்கி என்ற செய்முறைப் பரீட்சை. அதில் சித்தியடைந்து, அந்நாட்டுத் தாதியரைப் பதிவுசெய்யும் சபையான என்.எம்.சி.யின் பதிவு இலக்கம் கைக்கு வரும்வரை சம்பளம் ஒரு படி குறைவு; மருந்து கொடுக்கும் பொறுப்பும் இல்லை. இங்கே இரவு வேளையில் ஒரு நோயாளர் விடுதி (வார்டு) முழுவதையும் பொறுப்பாகப் பார்த்த ஒருவருக்கு, அந்தக் காலம் மனத்தை மிகவும் சிறுக்கச் செய்வது. அது திறமையைப் பற்றிய தீர்ப்பு அல்ல, பதிவு நடைமுறையின் ஒரு கட்டம் மட்டுமே என்பதை முன்கூட்டியே தெரிந்துகொண்டு போவது நல்லது.

தங்குமிடம் பற்றி எனக்கு உறுதியான கருத்து ஒன்று உண்டு. லண்டனில் ஹரோவில் இருக்கும் சித்தி, “எங்கட சனம் இருக்கிற இடத்துக்கு வந்திரு பிள்ளை, கோயிலும் கடையும் கிட்ட” என்று மிகுந்த அன்போடு அழைத்தார். ஆனாலும் முதல் ஆண்டில் மருத்துவமனைக்கு நடந்து போகக்கூடிய தூரத்தில் இருப்பதே சரி என்று நான் இன்றும் நினைக்கிறேன். காலை ஏழரைக்குத் தொடங்கி இரவு எட்டு மணிவரை செல்லும் வேலைநாள் ஒன்றின் முடிவில், இரண்டு பஸ் மாறிப் போகும் உடல்வலு யாருக்கும் இருப்பதில்லை. மார்கழி மாதத்தில் அங்கே சூரியன் எட்டு மணிக்குப் பின் உதித்து நான்கு மணிக்கு முன் மறைந்துவிடுகிறது. வேலைக்குப் போகும்போதும் இருட்டு, திரும்பும்போதும் இருட்டு. இலங்கை நேரம் குளிர்காலத்தில் ஐந்தரை மணித்தியாலம் முன்னே நிற்பதால், நான் வீடு வந்து சோறு வடிக்கும்போது கொக்குவிலில் அம்மா நடுச்சாமத்தைத் தாண்டி உறங்கிக்கொண்டிருப்பார். வேலையில்லாத நாட்களில் பகல் வெளிச்சத்தில் கட்டாயம் வெளியே நடக்க வேண்டும் என்று உடன் வேலை செய்த மலையாளப் பெண்கள் சொன்னார்கள். அந்தப் பழக்கத்தை இன்றுவரை நான் விடவில்லை.

இவையெல்லாம் சில மாதங்களில் பழகிவிடும். பழக நாட்பட்டது வேலைதான்.

யாழ்ப்பாணத்தில் ஒருவர் விடுதியில் அனுமதிக்கப்பட்டால், மகளோ மருமகளோ பிளாஸ்கில் கஞ்சியும் தோளில் துவாயுமாக வந்துவிடுவார். முகம் கழுவி விடுவது, ஊட்டுவது, துணி மாற்றுவது எல்லாம் அவர் கைக்குப் போய்விடும். நோயாளர் நிறைந்த விடுதியில் மருந்தும் ஊசியும் காயக்கட்டும் செய்து முடிப்பதற்கே தாதியின் நேரம் போதாது. இங்கிலாந்தில் அப்படி நிற்க ஆள் இல்லை. அந்த வேலைகள் எல்லாம் தாதிக்கும் உதவியாளருக்கும் உரியவை. பாரிசவாதம் வந்த முதிய பெண் ஒருவருக்குத் தேநீர் பருக்கியது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. நீர்த்த பானம் சுவாசக்குழாய்க்குள் போய்விடக்கூடும் என்பதால், தேநீரில் தடிப்பாக்கும் தூளை அளவாகக் கலந்து, அவரை நிமிர்த்தி இருத்தி, கரண்டியால் சிறிது சிறிதாகக் கொடுத்து, ஒவ்வொரு வாயும் இறங்கியதா என்று தொண்டையைப் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அரைக் கோப்பை முடிய வெகுநேரம் ஆயிற்று. இங்கே உறவினர்கள் அமைதியாகச் செய்துவிட்டுப் போகும் பணி எவ்வளவு நுணுக்கமானது என்பதை நான் அங்கேதான் முழுமையாக உணர்ந்தேன்.

அந்தப் பகுதியின் முதியவர்களிடம் வலி இருக்கிறதா என்று கேட்டால், முகம் வெளிறியிருக்கும்போதும் “அவ்வளவு மோசமில்லை” என்றே பலர் சொல்வார்கள். “ஐயோ பிள்ளை, தாங்கேலாமல் கிடக்கு” என்று வாய்விட்டுச் சொல்லும் நம் ஆச்சிமாரைப் பார்த்துப் பழகிய கண், அங்கே வேறு விதமாகப் பார்க்கக் கற்க வேண்டும். நியூஸ்-2 என்ற கணிப்பு முறை இதற்குப் பெரிய துணை. சுவாச வேகம், ஒட்சிசன் அளவு, இரத்த அழுத்தம், நாடித்துடிப்பு, உணர்வுநிலை, வெப்பநிலை ஆகியவற்றுக்குப் புள்ளியிட்டுக் கூட்டி, மொத்தம் 5 ஆனால் மருத்துவரை அவசரமாக அழைக்க வேண்டும், 7 ஆனால் அவசர சிகிச்சைக் குழுவையே வரவழைக்க வேண்டும். அந்த எண் கையில் இருந்தால், எவ்வளவு பெரிய மருத்துவரையும் நள்ளிரவில் அழைக்கத் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் தயக்கம் எண்ணால் மட்டும் நீங்குவதில்லை. “சேர்” என்று அழைத்தே பழகிய எனக்கு, நிபுணரைக் கூடப் பெயர் சொல்லி அழைப்பது முதல் மாதங்களில் தொண்டைக்குள் சிக்கியது. ஒருநாள் மருத்துவர் ஒருவர், பெனிசிலின் ஒவ்வாமை உள்ள நோயாளி ஒருவருக்கு, பெனிசிலின் வகையைச் சேர்ந்த கோ-அமொக்ஸிகிளாவ் மருந்தை எழுதியிருந்தார். நோயாளியின் கையில் ஒவ்வாமையைக் குறிக்கும் சிவப்புப் பட்டி இருந்தது. இங்கே என்றால் பொறுப்புத் தாதியிடம் மெதுவாகச் சொல்லி, அவர் வழியாக விடயத்தை நகர்த்தியிருப்பேன். அன்று நானே மருத்துவரிடம் போய், பட்டியையும் எழுதிய மருந்தையும் காட்டினேன். அவர் அந்த இடத்திலேயே மருந்தை மாற்றி எழுதி, கவனித்துச் சொன்னதற்கு நன்றி கூறினார். அவர் குரலில் கோபத்தின் சாயலே இல்லை. அந்த விடுதி எனக்கும் உரியது என்ற எண்ணம் அன்றுதான் எனக்குள் வந்தது.

இந்தப் பழக்கம் அங்கும் தானாக வந்ததல்ல என்பதைப் பின்னர் வாசித்து அறிந்தேன். ஸ்டஃபோர்ட் மருத்துவமனையில் நோயாளர்கள் கவனிப்பாரின்றி விடப்பட்டதை ரொபர்ட் ஃபிரான்சிஸ் தலைமையிலான விசாரணை ஆராய்ந்து, 2013ஆம் ஆண்டு அறிக்கை வெளியிட்டது. தவறைக் கண்டவர் பேச அஞ்சும் சூழலை அது கடுமையாகச் சாடியது. அதே ஆண்டில், புற்றுநோயாளியாகக் கட்டிலில் படுத்திருந்த கேட் கிரேஞ்சர் என்ற மருத்துவர், தன்னிடம் வந்த பணியாளர்கள் தம் பெயரைக்கூடச் சொல்லவில்லை என்று வருந்தி, ஒவ்வொருவரும் பெயர் சொல்லி அறிமுகமாக வேண்டும் என்ற இயக்கத்தைத் தொடங்கினார். நம் வைத்தியசாலைகளில் தாதியர் எல்லோரும் “மிஸ்ஸி” தான். பெயரைச் சொல்லி நோயாளியிடம் போவது சிறிய செயல் என்றாலும், இங்கும் அது வர வேண்டும் என்று மனமார விரும்புகிறேன்.

பணத்தைப் பற்றி ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தின் சுகாதாரத்துறை ஆட்சேர்ப்பு நெறிமுறையின்படி, வேலை தேடித்தரும் ஏஜென்சி தாதியிடம் கட்டணம் வாங்கக்கூடாது. இலட்சக்கணக்கில் கேட்கும் ஒருவரை நம்பித் தாலிக்கொடியை அடகு வைக்காதீர்கள். ஒப்பந்தத்தையும் முழுதாக வாசியுங்கள். இடையில் விலகினால் ஆட்சேர்ப்புச் செலவைத் திருப்பிக் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை சிலவற்றில் இருக்கிறது. வருமானவரி, தேசியக் காப்புறுதி, ஓய்வூதியம் எல்லாம் கழித்துக் கைக்கு வரும் தொகையை வைத்துத்தான் வீட்டுக்கு எவ்வளவு அனுப்பலாம் என்று கணக்குப் போட வேண்டும். அந்தக் கணக்கை முதலிலேயே வீட்டாரிடம் திறந்து சொல்லிவிடுவது இரு பக்கத்துக்கும் நல்லது.

ஆண்டு விடுமுறை தொடக்கத்தில் 27 நாட்கள், பொதுவிடுமுறைகள் 8 நாட்கள் புறம்பு. நல்லூர்த் திருவிழா அங்குள்ள பாடசாலை விடுமுறைக் காலத்தோடு சேர்ந்து வருவதால், பிள்ளைகள் உள்ளவர்கள் எல்லோரும் அப்போதுதான் விடுமுறை கேட்பார்கள். தேருக்கு வர விரும்புபவர் ஆண்டின் தொடக்கத்திலேயே விண்ணப்பித்துவிட வேண்டும்.

திரும்பி வருவீர்களா என்று அம்மாவைப் பார்க்க வருபவர்கள் கேட்கிறார்கள். ஐந்து ஆண்டுகளில் நிரந்தர வதிவிடத்துக்கு விண்ணப்பிக்கலாம் என்ற நம்பிக்கையில் போனவர்கள் நாங்கள்; அதைப் பொதுவாகப் பத்து ஆண்டுகளாக்கும் முன்மொழிவை 2025ஆம் ஆண்டு அந்நாட்டு அரசு வெளியிட்டது. ஆகவே முடிவை இப்போது எடுக்க நான் விரும்பவில்லை. இலங்கைப் பதிவு தொடர்பான ஆவணங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். என்.எம்.சி. பதிவை மூன்று ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பிப்பதற்கு வேண்டிய 450 மணித்தியால வேலைக்கும் 35 மணித்தியாலக் கற்றலுக்கும் உரிய கோப்பையும் தொடங்கிவிட்டேன்.