சானடோரியத்துல இறங்கி அமெரிக்கா டிபிக்கு கோட் போடுறவ

போன வாரம் சித்தி பொண்ணு வாட்ஸ்அப்ல ஒரு போட்டோ அனுப்பிருந்தா. முன்னங்கை உள்பக்கம், பேனாவால ரெண்டு கோடு, நடுவுல தடிச்சுப்போய் ஒரு வீக்கம். கீழ "அக்கா 13 எம்எம்மாம், எனக்கு டிபியா?"ன்னு ஒரு வரி. அமெரிக்காவுல எம்எஸ் சேர்ந்து ஒரு மாசம்கூட ஆகல, காலேஜ் கிளினிக்ல கட்டாயம்னு சொல்லி டிபி கிருமி இருக்கான்னு பாக்குற தோல் டெஸ்ட் ஊசி போட்டிருக்காங்க. பாவம், சித்திகிட்ட சொல்லாம எனக்கு அனுப்பிருக்கா.

நான் மெடிக்கல் கோடர். அமெரிக்க டாக்டர் எழுதுற சார்ட்ட படிச்சு அதுக்கு ஐசிடி கோட், அதாவது ஒவ்வொரு நோய்க்கும் உள்ள நம்பர் போடுற வேலை, அந்த கோட வச்சுத்தான் அங்க இன்சூரன்ஸ் காசு குடுக்கும். தினமும் எலக்ட்ரிக் ட்ரெயின்ல வந்து தாம்பரம் சானடோரியம் ஸ்டேஷன்ல இறங்குவேன். 1928ல சௌரிமுத்துன்னு ஒரு டாக்டர் ஆரம்பிச்ச டிபி ஆஸ்பத்திரிதான் அந்த சானடோரியம், ஸ்டேஷன் பேரே அதுலருந்து வந்ததுதான், ஆனா கூட இறங்குற பாதி பேருக்கு அது தெரியாது, எனக்கே வேலைக்கு வந்து ரெண்டு வருஷம் கழிச்சுத்தான் தெரியும்.

அவ போட்டோவ பாத்ததும் வயித்துல ஒரு மாதிரி ஆச்சு. ஏன்னா இதே விஷயத்துலதான் நான் மொதல் மொதல்ல பெரிய எரர் வாங்குனேன். 2016, ட்ரெய்னிங் முடிஞ்சு லைவ் சார்ட் குடுத்த புதுசு. வேலைல சேர்றதுக்காக டெஸ்ட் எடுக்க வந்த ஒருத்தங்க சார்ட். தோல் டெஸ்ட் பாசிடிவ், எக்ஸ்ரே க்ளியர், இருமல் காய்ச்சல் எதுவும் இல்லன்னு டாக்டர் தெளிவா எழுதிருக்காரு. நான் பாசிடிவ்ங்குற வார்த்தைய பாத்தேன், டிபிங்குற வார்த்தைய பாத்தேன், டார்கெட் வேற ஓடுது, டக்குனு ஏ15.0 தட்டிட்டேன். ஏ15.0ன்னா நுரையீரல் காசநோய். சும்மா செக்கப்புக்கு வந்த மனுசிக்கு நான் சென்னைல உக்காந்துக்கிட்டு காசநோய் குடுத்துட்டேன்.

நல்லவேளை வெளிய போறதுக்குள்ள க்யூஏல, அதாவது நாங்க போட்ட கோட திரும்ப செக் பண்ற எடத்துல மாட்டிருச்சு. க்யூஏ அக்கா சீட்டுக்கே வந்து, "இவங்களுக்கு டிபின்னு எந்த டாக்டர்மா சொன்னாரு? நீயா?"ன்னு கேட்டாங்க. பக்கத்து சீட்டுக்காரன் சிரிச்சத இன்னும் மறக்கல. எரர் இல்லன்னு எதிர்த்து ரீபட்டல் போடவும் வழியில்ல, தப்பு என் தப்பு.

அன்னிக்கு அந்தக்கா அரை மணி நேரம் உக்காந்து சொல்லிக்குடுத்தாங்க. எந்த தொந்தரவும் இல்லாம சும்மா டெஸ்ட் பாக்க வந்தா அது இசட்11.1, ஸ்க்ரீனிங். வீட்ல யாருக்கோ டிபி, கூட இருந்ததால பாக்க வந்தா இசட்20.1. தோல் டெஸ்ட் பாசிடிவ், நோய் இல்லன்னா ஆர்76.11, அதுவே ரத்த டெஸ்ட்னா ஆர்76.12. டாக்டரே நோய்னு எழுதுனாத்தான் ஏ15 பக்கமே போகணும். சரியாகி பல வருஷம் ஆனவங்களுக்கு இசட்86.11, அதப் போய் ஏ15ல போட்டா பழைய நோய திரும்ப வர வச்ச மாதிரி. 2019 அக்டோபர்ல இன்னும் ரெண்டு வந்துச்சு, கிருமி உள்ள தூங்குதான்னு டெஸ்ட் பண்ண இசட்11.7, தூங்குதுன்னு டாக்டர் சொல்லிட்டா இசட்22.7. அந்த இசட்22.7ஐயும் ஆர்76.11ஐயும் சேத்துப் போடக்கூடாது, கோட் புக்லயே எக்ஸ்க்ளூட்ஸ் ஒன்னு தடை நோட் இருக்கு, இதுல இன்னிக்கும் ஃப்ரெஷர்ஸ் விழுறாங்க.

அதவிட மோசமா குழப்புறது சந்தேகம்தான். டாக்டர் "ரூல் அவுட் டிபி", அதாவது டிபியா இல்லையான்னு பாக்கணும்னு எழுதுனா அவுட்பேஷன்ட்ல டிபி கோட் போடவே கூடாது, இருமல், எடை கொறஞ்சது, ராத்திரி வேர்வைன்னு என்ன இருக்கோ அத மட்டும் போடணும். அதே ஆளு அட்மிட் ஆகி, டிஸ்சார்ஜ் சம்மரில "ப்ராபபிள் டிபி", டிபியா இருக்கலாம்னு இருந்தா நோய் இருக்குற மாதிரியே கோட் பண்ணலாம். ஏன் இப்படின்னு கேட்டா கைட்லைன் அப்படித்தான்ம்பாங்க. எச்ஐவி மாதிரி சிலதுக்கு அட்மிட் ஆனாலும் சந்தேகத்துக்கு இடமில்ல, உறுதியா எழுதிருந்தாத்தான் எச்ஐவி கோடான பி20. கொரோனா கூத்து தனி. 2021 ஜனவரில ஸ்க்ரீனிங்குக்குன்னு இசட்11.52 விட்டாங்க, விட்ட கையோட தொற்று பரவுற காலத்துல இத போடாத, தொற்று பட்டிருக்கலாம்ங்குற இசட்20.822 போடுன்னும் சொன்னாங்க. கடைய தொறந்து வச்சிட்டு இன்னிக்கு லீவுன்னு போர்டு மாட்டுன மாதிரி.

இதெல்லாம் வெறும் நம்பர்தானன்னு எங்க வீட்டுக்காரரே சொல்வாரு. எங்க பாட்டி காலத்துல எலும்புருக்கின்னு பேரு, வீட்ல ஒருத்தருக்கு வந்துச்சுன்னா பொண்ணு குடுக்க மாட்டாங்க, தட்டு டம்ளர் தனி. எங்க பெரிய தாத்தாவுக்கு வந்து குணமாகி முப்பது வருஷம் நல்லாத்தான் இருந்தாரு, கடைசி வரைக்கும் அவர் டம்ளர் மட்டும் ஜன்னல்மேலதான் இருக்கும். ரெக்கார்டுல ஏறுற ஏ15.0ம் எனக்கு அந்த டம்ளர் மாதிரிதான் தெரியுது.

சரி, சித்தி பொண்ணு விஷயம். வீடியோ கால் போட்டு எடது தோள காட்டுடின்னேன், தழும்பு இருக்கு. பொறந்ததும் நம்ம ஊர்ல போடுற டிபி தடுப்பூசி, பிசிஜி. அங்க அத எல்லா கொழந்தைக்கும் போடுறதில்ல. பிசிஜி போட்ட ஒடம்புல தோல் டெஸ்ட் சும்மாவே தடிக்கலாம். சிவப்ப அளக்க மாட்டாங்க, தடிப்பு எத்தன எம்எம்னு 48லருந்து 72 மணி நேரத்துக்குள்ள பாக்கணும். டிபி அதிகமா இருக்குற நாட்டுலருந்து புதுசா போனவங்களுக்கு 10 வந்தாலே பாசிடிவ், ஒரு ரிஸ்க்கும் இல்லாதவங்களுக்கு 15 வரணும். அதனால அவ 13 அங்க கணக்குப்படி பாசிடிவ்தான், ஆனா பாசிடிவ்னா நோய் இல்ல. நான் டாக்டர் இல்லடி, ஆனா பிசிஜி போட்டிருக்குன்னு சொல்லி ரத்த டெஸ்ட் எடுக்க முடியுமான்னு கேளு, பிசிஜி அத குழப்பாது, எக்ஸ்ரேவும் சொல்வாங்க போய் எடுன்னேன்.

எக்ஸ்ரே க்ளியர். ரத்த டெஸ்ட் நெகடிவ். நேத்து எக்ஸ்ரே பில்லு அனுப்பி "அக்கா இதுல என்னமோ கோட் இருக்கு, பயமா இருக்கு பாரு"ன்னா. அந்த சின்ன எழுத்த பெருசு பண்ணி, க்யூஏ அக்கா மாதிரியே ரெண்டு தடவ பாத்தேன். ஆர்76.11. எந்த ஊர் கோடர் போட்டாங்களோ, சரியா போட்டிருக்காங்க.